வேதாளத்தைச் சுமந்த கை

2020 செப்டம்பர் 29. எஸ்.பி.பி. மறைந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கொரோனாவுக்குப் பயந்து கதவடைத்துக் கிடந்த தெருவில், எந்த வீட்டு வாசலைக் கடந்தாலும் அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அந்தப் பாட்டுக்கு நடுவே சிதம்பரத்திலிருந்து அக்கா போன் செய்தாள். அக்கா என்றால் பெரியம்மா மகள்.

“டேய், வேதாளம் படம் போடுவாரே, அவர் போயிட்டாராம்டா.”

“யாரு?”

“அதான்டா, அம்புலிமாமாவுல. பேரு வாயில வர மாட்டேங்குது.”

எனக்கும் உடனே வரவில்லை. சில நொடிகள் இரண்டு பேரும் போனைப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தோம். அவர் வரைந்த ராஜாவின் மீசை எப்படியிருக்கும் என்று கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்போம். தோளில் கிடக்கும் பிணத்தின் கை எப்படித் தொங்கும், உருவிய வாள் எந்தச் சாய்வில் நிற்கும், எல்லாம் கண்ணுக்குள் இருந்தது. வரைந்தவரின் பெயர் மட்டும் இல்லை. படத்தின் மூலையில் ஒரு சின்னக் கையெழுத்து பூச்சி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். நாங்கள் அதைப் படத்தின் ஒரு பகுதியாகப் பார்த்தோமே தவிர, ஒரு மனிதரின் பெயராக ஒருநாளும் வாசித்ததில்லை.

சங்கர். முழுப்பெயர் காரத்தொழுவு சந்திரசேகரன் சிவசங்கரன். 1924-ல் தாராபுரம் பக்கத்துக் காரத்தொழுவில் பிறந்து, 96 வயது கடந்து சென்னையில் மறைந்தார். அன்று மாலைக்குள் ஊரெல்லாம் அந்த ஒரே படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் பதினோரு பேரிடமிருந்து வந்தது. அதில் மூன்று பேர் தமிழ் தெரியாதவர்கள்.

*

கடலூரிலிருந்து சிதம்பரம் ஒன்றும் தூரமில்லை. ஆனால் எழுபதுகளில் மீட்டர்கேஜ் வண்டியில் அது ஒரு முழுப் பயணம். கடலூர் முதுநகரை விட்டால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நின்று, மூச்சு வாங்கி, கரிப்புகையை நம் கண்ணில் ஊதிவிட்டுத்தான் போகும். கோடை விடுமுறை விட்ட மறுநாளே அம்மா எங்களை அதில் ஏற்றிவிடுவாள். வெள்ளாற்றுப் பாலத்தில் வண்டி தடதடத்தால், பெரியம்மா வீடு வந்துவிட்டது என்று பொருள்.

பெரியம்மா வீடு கீழவீதியை ஒட்டிய ஒரு சந்தில் இருந்தது. நடையைத் தாண்டினால் முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், தாழ்வாரத்து மூலையில் ஒரு தகரப் பெட்டி. அந்தப் பெட்டிக்காகத்தான் நான் சிதம்பரம் போனேன். பெரியம்மாவின் சமையலுக்காகவும் நடராஜர் கோயிலுக்காகவும் என்று பெரியவர்கள் நினைத்துக்கொண்டார்கள். பெட்டியில் பன்னிரண்டு பன்னிரண்டாகச் சேர்த்துத் தைத்து, காலிகோ ஒட்டி பைண்டு செய்த அம்புலிமாமா இருந்தது. வருடத்துக்கு ஒரு புத்தகம்.

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பெரியம்மா வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துகொண்டு உட்காருவாள். நாங்கள் ஆறேழு பிள்ளைகள் சுற்றிப் படுத்துக்கொள்வோம். பெரியம்மா வாசிப்பது ஐந்தாம் வகுப்புப் பெண் வாசிப்பது மாதிரி எழுத்துக்கூட்டித்தான் தொடங்கும். இரண்டு பத்தி போனால் எழுத்து மறைந்துவிடும், குரல் மட்டும் இருக்கும். வேதாளக் கதையின் நடை உங்களுக்குத் தெரியும். ராஜா மரத்திலேறிப் பிணத்தை இறக்கித் தோளில் போட்டுக்கொண்டு மயானத்தில் நடப்பார். பிணத்துக்குள் இருக்கும் வேதாளம் ஒரு கதை சொல்லும். முடிவில் ஒரு கேள்வி. விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். சொன்னாலோ மௌனம் கலைந்துவிடும், வேதாளம் பிணத்தோடு மறுபடி மரத்துக்கே போய்விடும்.

கேள்வி வந்த இடத்தில் பெரியம்மா நிறுத்துவாள். கீழே ராஜாவின் விடை இருக்கும். அதன்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொள்வாள்.

“இப்ப நீங்க சொல்லுங்கடா.”

அந்தக் கையை விலக்க நாங்கள் எத்தனையோ பாடுபட்டிருக்கிறோம். கிச்சுகிச்சு மூட்டுவோம், கெஞ்சுவோம். அசைய மாட்டாள். ஒவ்வொருவரும் ஒரு விடை சொன்ன பிறகுதான் கை எடுக்கப்படும். எங்கள் விடைக்கும் ராஜாவின் விடைக்கும் சண்டை வரும். சில நாள் பெரியம்மா எங்கள் பக்கம் சேர்ந்துகொள்வாள். “ராஜா சொன்னா சரியாயிடுமா?” என்று அவள் ஒருமுறை கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தப் பக்கங்களில் எல்லாம் ஓரமாகக் காவியும் சிவப்பும் கலந்த கறை உண்டு. வெற்றிலைக் கை.

கை எடுக்கப்படாத அந்த நேரத்தில் நாங்கள் பார்க்க மீதி இருந்தது படம் ஒன்றுதான். விடையை அதில் தேடுவோம். ராணியின் முகத்தில் குற்றம் இருக்கிறதா, மந்திரியின் கண் எங்கே பார்க்கிறது, பின்னால் நிற்கும் காவலாளி எதற்குச் சிரிக்கிறான். சங்கரின் படங்களை நான் படித்த முறை இது. பின்னாளில் ஓவியம் பற்றி எத்தனையோ பேர் பேசக் கேட்டிருக்கிறேன். பார்ப்பது எப்படி என்று எனக்குக் கற்றுத் தந்தவை அந்தப் பெரியம்மா கையும் அந்த மனிதரின் கோடுகளும்தான்.

*

சங்கரின் அப்பா பள்ளி ஆசிரியர். பத்து வயதில், 1934-ல், தாயோடும் உடன்பிறந்தவர்களோடும் சென்னைக்கு வந்தார் சங்கர். முத்தியால்பேட்டை உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது, இவன் கைக்கு வேறு படிப்பு வேண்டாம், ஓவியப் பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று அடையாளம் கண்டு சொன்னவர் ஓவிய ஆசிரியர். அவர் போய்ச் சேர்ந்த எழும்பூர் ஓவியப் பள்ளிக்கு அப்போது முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். பாறையைப் புரட்டும் அந்த நான்கு பேரின் முதுகையும் தொடையையும் பார்த்தவர்களுக்கு, சங்கரின் படங்களில் வரும் படகோட்டிக்கும் மல்லனுக்கும் எலும்பும் தசையும் எங்கிருந்து வந்தன என்று புரியும். ராட்சசனை வரைந்தால்கூட அவனுக்கு முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் முழங்கால் இருக்கும். சிறுவர் பத்திரிகைதானே, போதும் என்று விட்ட கோடு ஒன்றை நான் அவரிடம் பார்த்ததில்லை.

1946-ல் ‘கலைமகள்’ அலுவலகத்தில் 85 ரூபாய்ச் சம்பளத்தில் சேர்ந்தார். ஐம்பதுகளின் தொடக்கத்தில் வடபழனிக்கு, ‘சந்தமாமா’வுக்கு வந்தார். சம்பளம் 350 ரூபாய். நாகிரெட்டியும் சக்கரபாணியும் 1947 ஜூலையில் தெலுங்கிலும், ‘அம்புலிமாமா’ என்ற பெயரில் தமிழிலும் தொடங்கிய பத்திரிகை அது. ‘பாதாள பைரவி’யும் ‘மாயாபஜா’ரும் எடுத்த அதே இருவர்தான். திரையில் அவர்கள் காட்டிய மாயத்தைத் தாளில் காட்டக் கிடைத்தவர்கள் எம்.டி.வி. ஆச்சார்யா, சித்ரா, வபா, சங்கர். ஒவ்வொரு பக்கத்திலும் படம் இருந்தாக வேண்டும் என்பது சக்கரபாணி வகுத்த விதி. குழந்தை பக்கத்தைப் புரட்டினால் எழுத்து மட்டும் அதன் முகத்தில் அடிக்கக் கூடாது.

வேலை நடந்த முறையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். கதை தெலுங்கில் எழுதப்படும். கொடவடிகண்டி குடும்பராவ் என்ற பெரிய எழுத்தாளர், தன் பெயரைப் போட்டுக்கொள்ளாமல் மாதாமாதம் பக்கம் பக்கமாக எழுதியும் திருத்தியும் கொடுத்தார். அந்தக் கதை தமிழ், கன்னடம், இந்தி, மராத்தி, ஒடியா என்று பத்துக்கு மேற்பட்ட மொழிகளுக்குப் போகும். எழுத்துத்தான் மாறும். படம் ஒன்றே. அசாமில் ஒரு குழந்தை பார்க்கும் ராணியும் சிதம்பரத்தில் நான் பார்த்த ராணியும் ஒருத்திதான். அவள் எங்கள் ஊர்க்காரி என்று நானும் நம்ப வேண்டும், அந்தப் பிள்ளையும் நம்ப வேண்டும். சேலைக்கட்டு, தூண், தேர், வாசற்படி எல்லாவற்றையும் அதற்கேற்ற மாதிரி ஒரு மனிதர் யோசித்து யோசித்து வரைந்திருக்கிறார். எந்த ஊரிலும் இல்லாத, எல்லா ஊரிலும் இருக்கிற ஒரு நாடு அது. இந்தியா என்று எனக்குள் ஒரு படம் இருக்கிறதென்றால் வரைபடத்தைவிட அந்தப் படம்தான் முதலில் வந்தது.

இனி அந்த விக்கிரமாதித்தன் படம். தோளில் கிடப்பது பாரம் என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். ஆனால் ராஜா அந்தப் பாரத்தால் வளையக் கூடாது. வளைந்தால் கூலியாள் ஆகிவிடுவார். சுற்றிலும் மயானம், குழந்தை பயப்பட வேண்டும். ஆனால் புத்தகத்தை மூடிவிடக் கூடாது. இத்தனையும் ஒரு கால்பக்கப் படத்துக்குள். சங்கர் ராஜாவின் முகத்தில் பயத்தையும் வைக்கவில்லை, வீறாப்பையும் வைக்கவில்லை. ஒப்புக்கொண்ட வேலையை முடிக்கப் போகிற ஒருவரின் முகம் அது. காலையில் முதுநகர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போகிறவர்களிடம் அந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். மூலநூலில் வேதாளக் கதைகள் 25 தான். அம்புலிமாமா வேறு வேறு கதைகளை அந்தச் சட்டத்துக்குள் கொண்டுவந்து, பல நூறு மாதம் ராஜாவை நடக்க வைத்தது. அத்தனை மாதமும் அந்த நடை தளரவில்லை.

*

சிதம்பரத்தில் சாயங்காலமானால் கோயில். பெரியம்மாவுக்கு நடராஜரைவிட சிவகாமியிடம்தான் பேச்சு அதிகம். அம்மன் சந்நிதி முன்மண்டபத்துக்குள் போனால் நாங்கள் பிள்ளைகள் கழுத்தை மேலே திருப்பிக்கொள்வோம். விதானம் முழுக்க நாயக்கர் காலத்து ஓவியம். வரிவரியாகக் கட்டம் கட்டமாக ஓடும். பிச்சாடனர் வருகிறார், மோகினி வருகிறாள், முனிவர்களும் அவர்கள் மனைவியரும் நிலைகுலைகிறார்கள். இன்னொரு பக்கம் மாணிக்கவாசகர் கதை. ஒரே ஆள் ஒரு கட்டத்தில் நிற்பார், அடுத்ததில் வணங்குவார், அதற்கடுத்ததில் நடந்துகொண்டிருப்பார். கழுத்து வலித்தால் தரையில் மல்லாந்துவிடுவோம். கோயிலில் படுக்கலாமா என்று யாரோ அதட்ட, பெரியம்மா சொன்னாள்:

“படிக்குதுங்க, விடுங்க. இதுவும் அம்புலிமாமாதானே.”

ஓவிய வரலாறு எழுதியவர்கள் இதைப் பல பக்கங்களில் சொல்லியிருக்கிறார்கள். பெரியம்மா ஒரு வரியில் முடித்துவிட்டாள். திருவாரூர் தேவாசிரிய மண்டபத்து முசுகுந்தன் கதை ஓவியங்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவு. அங்கே கட்டத்துக்குக் கட்டம் தமிழில் விளக்கமும் எழுதியிருக்கிறது. வரைந்த சிங்காதனம் என்பவர் தன் பெயரையும் தன் உருவத்தையும் அதில் விட்டுச் சென்றிருக்கிறார். சிதம்பரத்து விதானத்தில் எந்தப் பெயரையும் நான் பார்க்கவில்லை.

கோபுர வாசலில் நுழைந்தால் இரு சுவரிலும் 108 கரணங்கள். கிழக்கு, மேற்குக் கோபுரங்களில் அந்தந்தக் கரணத்துக்கு உரிய நாட்டிய சாஸ்திரச் சுலோகமும் பக்கத்திலேயே வெட்டப்பட்டிருக்கிறது. ஒரு உருவம், அதோடு அதைச் சொல்லும் எழுத்து. படமும் சொல்லும் கைகோத்துக்கொள்வது நம் ஊருக்கு வெளியிலிருந்து வந்த பழக்கமில்லை. சங்கரின் ஆள்கள் திரும்பும்போது இடுப்பு ஒரு பக்கமும் தோள் ஒரு பக்கமும் போகும் அழகைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கோபுர வாசல் நினைவுக்கு வரும். அவர் இங்கே வந்து பார்த்து வரைந்தார் என்று நான் சொல்லவில்லை. இதைப் பார்த்து வளர்ந்த என் கண்ணுக்கு அவர் சொந்தக்காரராகத் தெரிந்தார் என்பதுதான் விஷயம்.

அம்புலிமாமா காமிக்ஸ் இல்லை, படக்கதை வேறு சித்திரம் போட்ட கதை வேறு என்று காமிக்ஸ் நண்பர்கள் பிரித்துச் சொல்வார்கள். சரிதான். ஆனால் பத்து வயதுப் பையனின் படுக்கைக்கடியில் அந்தப் பிரிவினை இருந்ததில்லை. 1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வந்தபோது அதுவும் அதே இடத்தில்தான் போய்ச் சேர்ந்தது. மின்சாரம் பாய்ந்ததும் உடல் மறைந்து, இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். அதைப் பார்த்துவிட்டு ராத்திரி விளக்கு ஸ்விட்சைத் தொட எத்தனை பேர் தயங்கியிருக்கிறோம். அந்தக் கையை வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, ஸ்பெயின்காரர். இங்கிலாந்தின் வாரப் பத்திரிகை ஒன்றுக்காக அறுபதுகளில் வரைந்தது சிவகாசி வழியாகக் கடலூருக்கு வந்தது. அவர் 1995-ல் இறந்துபோனார். அந்த வருடம் நான் தேவனாம்பட்டினம் கடற்கரையில் எத்தனையோ மாலை நடந்திருக்கிறேன். என் பிள்ளைப்பருவத்தின் பாதியைச் செய்த ஒருவர் போய்விட்டார் என்பது தெரியாமலே நடந்திருக்கிறேன்.

பிள்ளைகளுக்காக வரைகிறவர்களின் விதி இது என்று எனக்குத் தோன்றுகிறது. சினிமா நடிகரின் ரசிகனுக்கு அவர் பெயர் தெரியும், வயது தெரியும், பிறந்தநாள் தெரியும். ஒரு குழந்தைக்குப் படம்தான் தெரியும். அது வளர்ந்து, பெயர் தெரிந்துகொள்ளும் வயது வரும்போது அந்தப் பத்திரிகையைக் கடந்திருக்கும். அதனால் நன்றி எப்போதும் தாமதமாகத்தான் போய்ச் சேர்கிறது. ‘சாச்சா சௌத்ரி’ வரைந்த பிராண் 2014 ஆகஸ்டில் இறந்தார், பத்மஸ்ரீ 2015-ல் வந்தது. சங்கருக்கு அறிவிக்கப்பட்டது 2021 குடியரசு தினத்தை ஒட்டி, அவர் மறைந்து நான்கு மாதம் கழித்து. அதே பட்டியலில் வங்கத்தின் நாராயண் தேவநாத் இருந்தார். ‘பாண்டுல்’ வரைந்தவர், அரை நூற்றாண்டுக்கு மேல் வங்கப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்தவர். அவர் கைக்குப் பதக்கம் வந்தபோது மருத்துவமனையில் இருந்தார். 2022 ஜனவரி 18-ல் மறைந்தார்.

சங்கர் கிட்டத்தட்ட அறுபது ஆண்டு அந்தப் பத்திரிகைக்கு வரைந்தார். 1998-ல் அது நின்று, மறுபடி தொடங்கி, 2007-ல் மும்பை நிறுவனம் ஒன்றின் கைக்குப் போய், 2013-ஓடு ஓய்ந்தது. ஆரம்ப காலத்து ஓவியர் குழுவில் கடைசியாக இருந்தவர் அவர்தான். தொண்ணூறை நெருங்கிய பிறகும் ராமகிருஷ்ண மடத்துப் பத்திரிகைக்கு வரைந்துகொடுத்தார்.

*

பெரியம்மா போன பிறகு தகரப் பெட்டி கடலூருக்கு, என்னிடம் வந்தது. சீர்வரிசையில் வந்த எதையும்விட அதைப் பத்திரமாக வைத்திருந்தேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2011 டிசம்பர் 30. ‘தானே’ புயல் விடியற்காலையில் எங்கள் மேல் ஏறியது. கடலூர்க்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. சுனாமியில் கடலோரம் பறிகொடுத்த ஊருக்கு ஏழு வருடம் கழித்து வந்த அடி. பண்ருட்டிப் பக்கம் தாத்தா காலத்துப் பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன, முந்திரிக்காடு மொட்டையானது. எங்கள் மாடி அறைக்கு மேலிருந்த ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்துபோய் எதிர்வீட்டுச் சுவரில் மோதி உடைந்தது. பெட்டி அந்த அறையில் இருந்தது. மனித உயிர் போன, வாழ்வாதாரம் போன நேரத்தில் புத்தகத்துக்கு அழ எனக்கு வெட்கமாக இருந்தது. யாரும் பார்க்காதபோதுதான் பெட்டியைத் திறந்தேன்.

நனைந்த தாள் ஊதும். ஊதியது காய்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டி, கட்டையாகிவிடும். பிரித்தால் ஒரு பக்கத்தின் படம் எதிர்ப்பக்கத்தோடு உரிந்து போகும். நான் அப்படித்தான் அவசரப்பட்டுப் பிரித்து நாலைந்து புத்தகங்களைப் பாழாக்கினேன். நிழலில் விரித்து, தாளுக்குத் தாள் நடுவே உறிஞ்சு காகிதம் வைத்து, நாள்கணக்கில் பொறுத்திருக்க வேண்டுமாம். அன்று அதைச் சொல்ல ஆளில்லை. ஒரே ஒரு புத்தகம், அடியில் துணிக்குள் இருந்தது, பாதிக்குமேல் தப்பியது.

இதை எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. சங்கர் மறைந்தபோது அவர் படத்தைப் பகிர்ந்த ஆயிரக்கணக்கானவர்களில் பலர் வீட்டுப் பரணில் இன்னும் அம்புலிமாமா இருக்கும். கண்ணன், பூந்தளிர், ரத்னபாலா இருக்கும். வீடு மாற்றும்போது அதுதான் முதலில் பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறுகிறது. தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. கோட்டையூரில் ஒரு தனிமனிதர் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிச் சேர்த்த தமிழ் அச்சுச் செல்வம்தான் இன்று அங்கே ஆய்வாளர்களுக்குக் கிடைக்கிறது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929 முதல் நம் வாசலிலேயே நிற்கிறது. கடலூர் மாவட்டத்துக்கென்று சிறுவர் இதழ்களுக்கு ஒரு அறை, ஈரம் ஏறாத ஒரு அறை, அங்கே அமைந்தால் என்ன? புதுமைப்பித்தன் பிறந்த ஊர், ஜெயகாந்தன் பிறந்த ஊர் என்று பெருமை பேசும் நாம், அந்தப் பெருமைக்கெல்லாம் முன்னால் நம்மைக் கதைக்குள் இழுத்துப் போட்ட தாள்களைப் புயலுக்கும் தராசுக்கும் விட்டுக்கொண்டிருக்கிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை.

*

போன மாதம் சிதம்பரம் போயிருந்தேன். கீழவீதிச் சந்து வீடு இப்போது மாடி வீடு. முற்றம் இல்லை. அக்கா பேரனுக்கு எட்டு வயது. தப்பிய புத்தகத்தை அவனுக்காக எடுத்துப் போயிருந்தேன். செல்போனை விடமாட்டான் என்று அக்கா எச்சரித்திருந்தாள். அட்டையைத் தொட்டுப் பார்த்தான், முகர்ந்து பார்த்தான், “மண்ணு வாசனை அடிக்குது தாத்தா” என்றான். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே வந்தவன் ஓரிடத்தில் நிறுத்தினான். எந்த இடம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

“இந்த மாமா யாரைத் தூக்கிட்டுப் போறாரு?”

வாசித்தேன். இரண்டு சகோதரர்களும் ஒரு பெண்ணும் வரும் கதை. அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டாள். படத்தின் மூலையில் இருந்ததை அவன் விரலால் தொட்டு, “இது பூச்சியா?” என்றான். “அது பேரு. சங்கர். இந்தப் படத்தைப் போட்ட தாத்தா” என்றேன். ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

வேதாளத்தின் கேள்வி வந்தது. பக்கத்தைத் திருப்பப் போனேன். அடுத்த இரண்டு தாளும் தானே நாளில் ஒட்டியவை, இன்னும் பிரியவில்லை. வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே ராஜாவின் வாய் திறந்திருப்பது நிழலாகத் தெரிகிறது. எழுத்து தெரியவில்லை.

“ராஜா என்ன சொன்னாரு?”

அக்கா என்னைப் பார்த்தாள். பிறகு கீரைத் தண்ணீரை முந்தானையில் துடைத்துவிட்டு, ஒட்டிய தாளின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்தாள்.

“நீ சொல்லுடா.”

அவன் படத்தை இன்னும் கொஞ்சம் கிட்டத்தில் இழுத்துக்கொண்டான்.